காட்டைக் காட்ட வேண்டியவர் யார்?

காடு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது அச்சம்தான். தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பொழுது சாய்ந்தால் வெளிக்காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்று பாட்டிமார் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாம். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் காட்டைப் பாடநூலில் பார்த்தேன். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அறிவியல் பாடத்தில் மலாய் மொழியில் படித்தேன். காட்டுக்குள் ஓர் இரவு தங்கிப் பார்த்தது பல்கலைக்கழகப் படிப்புக்காகச் சபாவுக்கு வந்த பிறகுதான்.

இன்று இரவுக்காடு ஒரு சுற்றுலாப் பொருளாகிவிட்டது. படகு, விளக்கு, வழிகாட்டி, தங்குமிடம் எல்லாவற்றையும் சேர்த்து விலை சொல்லிப் பலர் விற்கிறார்கள். நம் கழகத்தின் அடுத்த ஆண்டு முகாமை எங்கு நடத்துவது என்ற பேச்சு எழுந்துள்ள இவ்வேளையில், கடற்கரை விடுதியை விட்டு மழைக்காட்டுக்குப் போகலாம் என்று சிலர் கருத்துரைத்துள்ளனர். நானும் அக்கருத்தை வழிமொழிகிறேன். ஆனால் எந்தக் காட்டுக்குப் போவது என்று கேட்பதற்கு முன்னால் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும். அந்தக் காட்டை நமக்குக் காட்டப் போகிறவர் யார்?

காட்டோரம் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்கள், தாங்களே முடிவெடுத்து, தாங்களே நடத்தி, வருமானத்தையும் தாங்களே பங்கிட்டுக்கொள்ளும் இடத்துக்குத்தான் நாம் போக வேண்டும் என்பது என் கருத்து. காரணங்களைக் கீழே வைக்கிறேன்.

ஆற்றங்கரையில் ஒரு கூட்டுறவு

சபாவின் கிழக்குப் பகுதியில் ஓடும் கினாபாத்தாங்கான், 560 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. மலேசியாவில் ராஜாங் ஆற்றுக்கு அடுத்தபடியாக மிக நீளமானது. கோத்தா கினாபாலுவில் காலையில் லகாட் டத்து பேருந்தில் ஏறினால் பிற்பகலில் இந்த ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு வந்து சேரலாம். அங்கிருக்கும் கம்பத்தின் பெயர் பத்து பூத்தே. வழிநெடுகிலும் சாலையின் இரு மருங்கிலும் செம்பனைதான். ஆற்றையொட்டித் துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் காடுகளில்தான் யானையும் ஓராங் ஊத்தானும் நீள்மூக்குக் குரங்கும் வாழ்கின்றன. கீழ்க் கினாபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் 2005-இல் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 26,000 ஹெக்டர் பரப்பு. அதுவும் ஒரே நிலப்பரப்பு இல்லை, பத்துத் துண்டுகள்.

செம்பனையைக் குறைகூறுவதற்காக நான் இதை எழுதவில்லை. என் தந்தை பேராக்கில் செம்பனைக் குலை வெட்டிச் சம்பாதித்த பணத்தில்தான் நான் படித்தேன். துண்டுகளாகிப்போன காட்டில், மிச்சமிருப்பதை யார் காப்பார்கள் என்பதே என் கவலை.

பத்து பூத்தேயிலும் சுற்றுக் கம்பங்களிலும் வாழ்பவர்கள் 'ஓராங் சுங்கை', அதாவது ஆற்றின் மக்கள். 1990-களின் பிற்பகுதியில் உலக இயற்கை நிதியத்தின் துணையுடன் 'மெஸ்கோட்' என்ற திட்டம் இங்கே தொடங்கியது. காட்டை அழிக்காமல், கிராமத்து மக்களே நடத்தும் சுற்றுலாவைக் கற்றுக்கொள்வது அதன் நோக்கம். அச்சமயத்தில் 1997, 1998-ஆம் ஆண்டுகளின் எல் நினோ வறட்சியில் காட்டுத்தீ மூண்டு, சுற்றியிருந்த காட்டில் பெரும்பகுதி கருகியது. சுற்றுலா நடத்தப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்கள், நாற்றுப் பண்ணை போட்டு மரம் நடவும் கற்றுக்கொண்டார்கள். 2000-இல் 'மீசோ வாலாய்' என்ற பெயரில் வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கும் திட்டம் வந்தது. அவர்கள் மொழியில் அதற்கு 'ஒரே வீடு' என்று பொருள். 2003-இல் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து 'கோப்பேல்' என்ற கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தார்கள்.

இந்தக் கூட்டுறவின் அமைப்பில் என்னைக் கவர்ந்தது சுழற்சி முறை. எந்த வீட்டுக்கு விருந்தினர் போவது, எந்தப் படகுக்காரர் ஓட்டுவது, எந்த வழிகாட்டி வருவது என்பதெல்லாம் முறை வைத்து நடக்கின்றன. பேச்சுத்திறன் உள்ள ஒருவரே எல்லா வாய்ப்பையும் அள்ளிக்கொள்ள வழியில்லை. அருகிலுள்ள துங்கோக் ஏரியின் நீர்ப்பரப்பைச் சல்வீனியா என்னும் அயல்நாட்டு நீர்க்களை மூடிக்கொண்டபோது, கிராமத்தார் இறங்கிக் கையாலேயே அள்ளி அப்புறப்படுத்தினார்கள். அந்த ஏரிக்கரையில்தான் இன்று அவர்களின் காட்டு முகாம் இருக்கிறது. பின்-சுப்பு வனக்காப்பகத்தைக் கண்காணிக்கும் பொறுப்பிலும் சபா வனத்துறையோடு இக்கூட்டுறவு பங்கேற்கிறது. சுருங்கச் சொன்னால், காட்டைக் காட்டும் கைதான் காட்டை நட்டும் வளர்க்கிறது.

இரவில் என்ன பார்க்கிறோம்?

தமிழ் இலக்கிய வகுப்பில் ஐந்திணைகளையும் அவற்றின் சிறுபொழுதுகளையும் நாம் மனனம் செய்திருக்கிறோம். மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சிக்கு யாமம் என்று தொல்காப்பியம் வகுத்தது. தேர்வுக்காகப் படித்தபோது அது ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். நள்ளிரவுக்கென்று ஒரு நிலத்தையே ஒதுக்கிய மொழியைப் பேசும் நாம், நள்ளிரவில் காடு எப்படி இருக்கும் என்று அறியாமலேயே பட்டம் பெற்றுப் போகிறோம்.

துங்கோக் முகாமில் மாணவர்கள் அறுவர் தங்கினோம். மரத்தளம், மெத்தை, கொசுவலை. மாலை ஆறரை மணிக்குள் நன்றாக இருட்டிவிட்டது. இரவுணவுக்குப் பிறகு படகில் ஒரு சுற்று, பிறகு காட்டுப்பாதையில் நடை. வழிகாட்டிக்கு எங்களைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். அவரை 'அபாங்' என்றே அழைத்தோம். புறப்படும் முன் அவர் விதிகளைச் சொன்னார். பேசுவதானால் காதோடு காது. விலங்கின் கண்ணில் நேராக விளக்கை நிறுத்தக்கூடாது. அவர் திரும்பச் சொன்னால் யாரும் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும்.

படகில் போகும்போது, நீருக்கு மேல் நீண்டிருந்த கிளைகளில் மீன்கொத்திகள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தன. கரையோர மரங்களில் நீள்மூக்குக் குரங்குக் கூட்டம். இவை பகலில் காட்டுக்குள் மேய்ந்துவிட்டு மாலையில் ஆற்றோர மரங்களுக்கு வந்து உறங்குபவை. முதலையின் கண் நீர்மட்டத்தில் தணல்போல ஒளிர்ந்து மறைந்தது. இரவில் நடமாடும் பல விலங்குகளின் விழிக்குப் பின்புறம், விழுந்த ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. விளக்கொளியில் கண்கள் மின்னுவது அதனால்தான்.

நடந்து போகையில் அபாங் ஒரு மரத்தடியில் நின்று, தம் விளக்கின் மேல் சிவப்புத் தாளை இழுத்துவிட்டு மேலே காட்டினார். கிளையைக் கட்டிக்கொண்டு ஓர் உருண்டை. அதில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு வட்டக் கண்கள். மலாயில் 'கொங்காங்' என்றார். தேவாங்கு! திருதிருவென விழிப்பவனைத் 'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்று தமிழ்ப்பள்ளியில் எத்தனை முறை கேலி செய்திருப்போம்! அந்தச் சொல்லுக்கு உரிய உயிர், ஓர் அடி எடுத்துவைத்து, யோசித்து, அடுத்த அடி எடுத்துவைத்தது. தமிழ்நாட்டில் இதன் உறவினமான தேவாங்குக்கென்று கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நம் வகுப்பறைக் கேலிச்சொல்லுக்கு இரண்டு நாட்டிலும் காப்பு தேவைப்படுகிறது.

கண் தெரிந்த மாத்திரத்தில் என்ன விலங்கென்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று அபாங்கிடம் கேட்டேன். நிறத்தைப் பார்க்க வேண்டும், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும், இரண்டு கண்களுக்கும் இடையே எவ்வளவு அகலம் என்று பார்க்க வேண்டும் என்றார். அப்பா சொல்லிக்கொடுத்தார் என்றும் சொன்னார்.

எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது. அவர் பால்மரம் சீவியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தவர். கண்ணின் உயரத்தைப் பார்த்தே பன்றியா, புனுகுப்பூனையா என்று சொல்லிவிடுவார் என்று அப்பா பெருமையாகக் கூறுவார். அந்த அறிவுக்குத் தோட்டத்தில் ஒரு காசு மதிப்பில்லை. தோட்டம் அவரிடம் கேட்டது பால் மட்டுமே. ஆகவே, அது அவரோடு போயிற்று. பத்து பூத்தேயில் அதே அறிவுக்கு ஊதியம் உண்டு. ஆகவே, அது அப்பனிடமிருந்து மகனுக்கு வந்திருக்கிறது. ஓர் அறிவு வாழ வேண்டுமானால், அதைக் கொண்டிருப்பவன் அதனால் வாழ முடிய வேண்டும். கிராமத்தார் கையில் சுற்றுலா இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது முதற்காரணம்.

யாருக்கு இழப்பு?

இரண்டாவது காரணம் இன்னும் நேரடியானது. என் நண்பர்கள் சிலர் வேறோர் இடத்தில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வழியாக இரவுப் படகுச் சவாரிக்குப் போயிருந்தார்கள். கரையில் யானைக் கூட்டம் தெரிந்ததும் ஏழெட்டுப் படகுகள் வளைத்துக்கொண்டன. எல்லா விளக்கும் குட்டியின் மேல். தாய் யானை பிளிறிய பிறகும் படகுகள் நகரவில்லையாம். படம் நன்றாக வந்திருக்கிறது. போர்னியோ யானைகள் ஏறத்தாழ ஆயிரம்தான் எஞ்சியுள்ளன என்று மதிப்பிட்டு, 2024-இல் அவை அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டன. நண்பர்கள் பார்த்த குட்டி அந்த ஆயிரத்தில் ஒன்று.

அந்தப் படகோட்டிகளை மட்டும் குற்றம் சொல்வதில் பயனில்லை. யானை அந்த ஆற்றுக்கு வருவதை நிறுத்திவிட்டால் நிறுவனம் அடுத்த ஆற்றுக்குப் போகும். அதற்குப் பிறகு வேறு தொழிலுக்குப் போகும். கம்பத்து மக்களால் அப்படிப் போக முடியாது. அவர்களின் வீடும் இடுகாடும் அங்கேதான். வெருண்ட யானை நாளை மிதிக்கப்போவதும் அவர்கள் வாழைத்தோட்டத்தைத்தான். தவறு நடந்தால் இழப்பு யாருக்கு நேருமோ, அவர் கையில்தான் கடிவாளம் இருக்க வேண்டும். இது காட்டுக்கு மட்டும் பொருந்தும் நியாயம் அன்று.

நமக்குத் தெரிந்த கதைதான்

இப்படி ஒரு கூட்டுறவு நமக்குப் புதிதா? 1950-களில் ஐரோப்பிய முதலாளிமார் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் தாத்தா பாட்டிமார் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தொடங்கித் தோட்டங்கள் வாங்கப்பட்டன. உழைக்கும் மண்ணில் உழைப்பவனுக்கும் ஒரு பங்கு என்ற எண்ணம்தான் அதன் அடித்தளம்.

பத்து பூத்தே மக்கள் செய்திருப்பதும் அதுதான். நம் முன்னோர் பால்மரத்துக்குச் செய்ததை அவர்கள் பெருங்காட்டுக்குச் செய்கிறார்கள். எனவே, அங்கே போகும் தமிழ் மாணவன் வேடிக்கை பார்க்க வந்த அந்நியனாக இருக்க வேண்டியதில்லை. 'எங்கள் வீட்டிலும் இப்படித்தான்' என்று சொல்லிக்கொண்டு அவர்கள் திண்ணையில் உட்காரலாம். நாங்கள் தங்கிய வீட்டு மாக்சிக், ரப்பர்த் தோட்டத்துக் கதைகளைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை" என்று சிரித்தார்.

எழக்கூடிய மறுப்புகள்

முதலாவது, பாதுகாப்பு. மாணவிகளை இரவில் காட்டுக்கு அனுப்பப் பெற்றோர் ஒப்புவார்களா? நியாயமான கேள்வி. விரிவுரையாளர் ஒருவர் உடன்வருவது, பெண்களுக்குத் தனித் தங்குமிடம், படகில் மிதவைச் சட்டை, பெற்றோருக்கு முன்கூட்டியே பயண விவரம் ஆகிய நான்கையும் உறுதிசெய்தால் இதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை. எங்கள் அறுவரில் இருவர் மாணவிகள். அட்டைக்கடியைத் தவிர வேறு முறையீடு அவர்களிடமிருந்து வரவில்லை. சைவ உணவு உண்பவர்கள் முன்னதாகவே தெரிவித்துவிட வேண்டும்; ஆற்றோரத்து வீடுகளில் மீன் இல்லாத சாப்பாடு அரிது.

இரண்டாவது, செலவிட்டுப் போய் ஒன்றும் தென்படாவிட்டால்? தென்படாமலும் போகலாம். எங்களுக்கு யானை கிட்டவில்லை. ஓராங் ஊத்தான் காலையில் தொலைவில் ஒரு கூடாக மட்டுமே கிட்டியது. பணம் கொடுத்ததால் விலங்கு வந்தே ஆக வேண்டும் என்றால் மிருகக்காட்சி சாலைக்குப் போகலாம். கூப்பிட்டு வராத ஒன்றுக்காக வாய்மூடி ஒரு மணி நேரம் காத்திருப்பது, கைத்தொலைபேசியோடு பிறந்ததுபோல் வாழும் நம் தலைமுறைக்குத் தேவையான பயிற்சி.

மூன்றாவது, கிராமத்தார் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகிவிடாது. கூட்டுறவு என்றால் கருத்து வேறுபாடும் கணக்குச் சிக்கலும் வருவது நம் சமூகம் அறியாததன்று. ஆனால் அங்கே கேள்வி கேட்க ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு; கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே ஊர். தலைநகரில் இருக்கும் நிறுவனத்தை ஓராங் சுங்கை மூதாட்டி ஒருவர் எங்கே போய்க் கேள்வி கேட்பார்?

இன்னொன்றையும் எண்ண வேண்டும். 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லைகள் மூடப்பட்டபோது, வெளிநாட்டுப் பயணிகளை நம்பியிருந்த இடங்கள் ஒரே நாளில் வெறிச்சோடின. உள்நாட்டு விருந்தினர் ஆண்டுதோறும் வருவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இத்தகைய கம்பங்கள் நிமிர்ந்து நிற்க முடியும். ஐரோப்பாவிலிருந்து வந்து பார்ப்பவர்கள் நம் காட்டைப் பற்றி நமக்கே வகுப்பெடுக்கும் நிலை இனியும் வேண்டாம்.

காலம் நமக்காகக் காத்திருக்கவும் இல்லை. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகமான 'இமான்' இதே சபாவில் 2019 நவம்பர் 23-இல் இறந்தது. தீபகற்பத்தில் 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் இருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று சொன்னது. தீபகற்பத்தில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் சபா வரை வர இயலாவிட்டால், மெராப்போ பக்கம் 2010 முதல் பொதுமக்களைக் கூட்டிக்கொண்டு நடந்த 'மைகேட்' காட்டு நடைகளைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். கண்ணி வைக்க வருகிறவன், ஆள் நடமாட்டம் உள்ள காட்டுக்குள் நுழையத் தயங்குவான் என்பதே அந்நடைகளின் அடிப்படை. மரியாதையோடு பார்க்கும் கண்ணும் ஒரு காவல்தான்.

என் பரிந்துரைகள்

செயலவை முன் மூன்று பரிந்துரைகளை வைக்கிறேன். ஒன்று, அடுத்த ஆண்டு முகாமை இரண்டு இரவுகள் பத்து பூத்தேயில் நடத்தலாம். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் போகாமல், கம்பத்தார் சொல்லும் எண்ணிக்கைக்கு ஏற்பக் குழுக்களாகப் பிரிந்து போகலாம். இரண்டு, ஒரு காலைப்பொழுதை அவர்களின் மரநடவுக்குக் கொடுக்கலாம். மூன்று, முகாம் முடிந்து விடுமுறைக்கு வீடு திரும்பும் ஒவ்வொருவரும், தம் குடும்பத்து மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து, தோட்டத்தில் அவர் கண்ட விலங்கு, பறவைகளின் பெயர்களையும் அவற்றை அடையாளம் கண்ட விதத்தையும் எழுதி வரலாம். அடுத்த இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடலாம். பால்மரம் சீவிய தலைமுறையில் நம்மோடு இருப்பவர்கள் இன்று மிகச் சிலரே.

காட்டைக் கண்டு அஞ்சிய காலம் போதும். பணம் கொடுத்துக் காட்டை வெருட்டும் பழக்கமும் நமக்கு வேண்டாம். உரியவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து, அவர் காட்டும் வழியில், அவர் சொல்லும் தூரத்தில் நின்று பார்ப்போம். செயலவை உறுப்பினர்கள் முகாம் இடத்தை முடிவு செய்யும் முன் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன். மரநடவுக் குழுவில் என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.